வீட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்குத் தொலைபேசிகள் வரத் தொடங்கும். "மாமா, இந்தக் கோடையில ஆர்.வி. எடுத்துக்கிட்டு யெல்லோஸ்டோன் போகலாம்னு இருக்கோம். என்னென்ன பாத்துக்கணும்?" கேட்பவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை; ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருப்பார்கள். நானும் வீட்டுக்காரியும் ஓய்வுபெற்ற பிறகு வருஷத்தின் பெரும்பகுதியை ஆர்.வி. என்னும் இந்த ஓடும் வீட்டில்தான் கழிக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். எல்லாமே அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை மனதில் வைத்துச் சொல்பவை.

1. போட்ட திட்டத்தில் பாதியை அடித்துவிடுங்கள்

பெரும்பாலோர் என்னிடம் காட்டும் திட்டம் நவக்கிரகக் கோயில் சுற்றுலா பஸ்ஸின் அட்டவணை மாதிரி இருக்கிறது. பத்து நாளில் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், பிரைஸ், சயான், கிராண்ட் கேன்யன். காரில் போய் ஓட்டலில் தங்குகிறவர்களுக்கே இது மூச்சு முட்டும். ஆர்.வி.யில் போனால் பூங்காவைவிட நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வரைபடச் செயலி ஐந்து மணி நேரம் என்று காட்டினால் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலனுக்கு எட்டு முதல் பத்து மைல் கொடுக்கும் வண்டி இது. மேடு வந்தால் திணறும், காற்றடித்தால் ஆடும், பெட்ரோல் போட நிறுத்தினால் அரை மணி நேரம் போய்விடும்.

இங்கே பழைய ஆட்கள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே. பிற்பகல் 3 மணிக்குள் முகாமுக்குப் போய்ச் சேர். போன இடத்தில் 3 நாள் இரு. முதல்முறை போகிறவர்களுக்கு 300-கூட அதிகம், 200 போதும் என்பேன். முகாமில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும் வேலை வெளிச்சத்தில் செய்ய வேண்டியது. இருட்டில் மரக்கிளையும் தெரியாது, பாறையும் தெரியாது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. யெல்லோஸ்டோனுக்குள் சாலை எட்டு வடிவில் 142 மைல் ஓடுகிறது. காலை பத்து மணிக்கு மேல் அந்தச் சாலை முழுக்கக் கார்கள். ஆனால் விடியற்காலை ஆறு மணிக்கு லாமார் பள்ளத்தாக்கில் பைசன் கூட்டம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து இறங்கி வரும்போது சாலையில் பத்துக் கார்கூட இருக்காது. மாலை வெயில் சாய்ந்த பிறகும் அப்படித்தான். பூங்காவுக்குள்ளேயே தங்குகிறவர்களுக்கு மட்டும் இந்த இரண்டு நேரமும் சுலபமாகக் கிடைக்கும். அதற்காகத்தான் வீட்டையே கூடக் கொண்டுபோகிறோம். அப்படிக் கொண்டுபோன வீட்டை ஒரே இடத்தில் நாலு நாள் நிறுத்தாமல் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருந்தால், அவ்வளவு வாடகை எதற்குக் கொடுத்தோம்?

2. 25 அடி போதும்

பஸ் மாதிரி இருப்பது கிளாஸ் ஏ. வேன் மாதிரி இருப்பது கிளாஸ் பி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை முன்னே நீட்டிக்கொண்டிருப்பது கிளாஸ் சி. குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைத்தான். அதில் 30 அடி வண்டியைப் பார்த்ததும் வீடு மாதிரி விசாலமாக இருக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் தேசியப் பூங்கா முகாம்களில் பல 1930-களில் கட்டப்பட்டவை. இன்னும் பல 1956 முதல் 1966 வரை நடந்த பெரிய கட்டுமானத் திட்டத்தில் வந்தவை. காரும் கூடாரமுமாக வருகிறவர்களை எண்ணி வகுத்த இடங்கள் அவை. 25 அடி வண்டிக்கு இடம் கிடைக்கும் முகாம்களில் பலவற்றில் 32 அடி வண்டிக்குக் கிடைக்காது.

இத்தனை பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். சீட் பெல்ட் எத்தனை என்று எண்ணுங்கள். அத்தனை பேர்தான் பயணம் செய்யலாம். வண்டி ஓடும்போது பிள்ளைகள் மேல்படுக்கையில் விளையாடுவதும், பாட்டி பின்கட்டிலில் கண்ணயர்வதும் கூடவே கூடாது. பிரேக்கை ஒரு தடவை அழுத்தி மிதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை இருக்கை மாட்டுகிற வசதி எந்தச் சீட்டில் இருக்கிறது என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. உயரம், அகலம், நீளம்: எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள்

கூரைமேல் இருக்கும் ஏ.சி.யையும் சேர்த்து உயரம், பக்கக் கண்ணாடிகளை விரித்து வைத்து அகலம். கார் ஓட்டிப் பழகிய கைக்கு இந்த எண்கள் மறந்துபோகும். வாடகை வண்டிகளின் உயரம் ஏறக்குறைய 12 அடி. காபிக் கடையின் கூரை, பழைய ரயில் பாலம், தாழ்ந்த கிளை மூன்றும் அந்த உயரத்துக்குப் பகை. கூரையில் ஏற்படும் சேதத்துக்குப் பல வாடகைக் காப்பீடுகளில் ஒரு காசு கிடைக்காது. போனில் இருக்கும் வரைபடத்துக்கு நீங்கள் காரில் போகிறீர்களா, ஆர்.வி.யில் போகிறீர்களா என்று தெரியாது. பாலத்தைக் கடக்கும் முன் உயரப் பலகையை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

பூங்காக்களுக்குள்ளும் கண்டிப்பான அளவுகள் உண்டு. கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி போகக் கூடாது. ஒரு பக்கம் மலையைச் செதுக்கிய பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அந்தச் சாலையைப் பார்க்காமல் வரவும் கூடாது. வண்டியை முகாமில் விட்டுவிட்டு, 1930-களில் செய்த கூரை திறக்கும் சிவப்புப் பஸ்களில் ஏறிப் போங்கள். ஓட்டுகிறவரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம்.

சயானில் 1930-ல் திறந்த, 1.1 மைல் நீளச் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் கூடுதல் கட்டணம் கட்டினால் எதிர்வண்டிகளை நிறுத்திவைத்துப் பெரிய வண்டிகளை விடுவார்கள். 2026-ன் நடுப்பகுதியிலிருந்து 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிகளை விடப்போவதில்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது. வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியவை. சயானிலிருந்து பிரைஸுக்கு அந்த வழியாகத் திட்டம் போட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

4. முன்பதிவு

பல முகாம்களுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னால், கிழக்கு நேரம் காலை 10 மணிக்கு இணையத்தில் இடம் திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு முகாம்களுக்கு முறை வேறு: ஐந்து மாதம் முன்னால், 15-ம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ஒரு மாதத்து இடங்கள் மொத்தமாகத் திறந்து, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். யெல்லோஸ்டோனில் சில முகாம்களை அரசு நடத்துகிறது, சிலவற்றைக் குத்தகை நிறுவனம் நடத்துகிறது. முன்பதிவுத் தளமும் இரண்டு. கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு பலர் ரத்து செய்வார்கள். தினமும் காலையில் ஒரு தடவை பாருங்கள்.

மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்புள்ள இடத்தை ஃபுல் ஹூக்கப் என்பார்கள். தேசியப் பூங்காக்களுக்குள் அது அபூர்வம். யெல்லோஸ்டோன் முழுவதற்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் அங்கே துணிக் கூடாரம் போட அனுமதியில்லை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் இருக்கிறது. மற்ற இடங்களில் பேட்டரி, டேங்க், கேஸ் மூன்றையும் வைத்துத்தான் நாலு நாள் ஓட்ட வேண்டும்.

5. அனுமதிச் சீட்டு

அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு வருடாந்திரச் சீட்டு 80 டாலர். 62 வயது நிறைந்த குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் அதே 80 டாலருக்கு ஆயுட்காலச் சீட்டே வாங்கிவிடலாம். பல முகாம்களில் வாடகையும் பாதியாகும். கிரீன் கார்டு வாங்கிய அப்பா அம்மா உங்களோடு இருந்தால் அவர்கள் பெயரில் முதலில் இதை வாங்குங்கள். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து கணக்கே வேறு: வெளிநாட்டவருக்கு வருடச் சீட்டு 250 டாலர். அது இல்லாமல் யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களுக்குப் போனால், வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். கிளம்பும் முன் அந்த விதிகளை முழுக்கப் படித்துவிடுங்கள். வாசலில் போய் நின்றுகொண்டு கணக்குப் போட வேண்டாம்.

6. ஓட்டும்போது

வால் வீச்சைப் புரிந்துகொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் எட்டுப் பத்து அடி உடம்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அந்தப் பின்பாகம் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் பம்பை ஒட்டி நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதே ஒடித்தால், பம்பைக் காக்கும் மஞ்சள் தூண் பின்பக்கச் சுவரில் ஒரு கோடு இழுத்துவிடும். முதலில் நேராக முன்னால் போங்கள். வண்டியின் பின்முனை தூணைத் தாண்டுவதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு திருப்புங்கள்.

ஆள் இறங்கி நிற்காமல் பின்னால் எடுக்கவே வேண்டாம். கேமரா இருந்தாலும் சரி. நிற்பவர் உங்கள் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றால் அந்த நொடியே பிரேக். அவர் தரையை மட்டும் பார்த்தால் போதாது, அண்ணாந்தும் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடியுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். கிராண்ட் டீட்டன் பக்கத்து டீட்டன் கணவாயில் 10 சதவிகிதச் சரிவு இருக்கிறது. முதல் பயணத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம், சுற்றி வாருங்கள்.

பின்னால் நாலைந்து கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். கலிபோர்னியாவில் இருவழி மலைச்சாலையில் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்க வேண்டும் என்பது சட்டம்.

7. தண்ணீரும் கழிவும்

எல்லோரும் முகம் சுளிக்கும் பகுதி இது. இதைச் சரியாகச் செய்யத் தெரிந்துவிட்டால் பாதி ஆர்.வி. வாழ்க்கை தெரிந்துவிட்டது.

வண்டிக்கு அடியில் மூன்று டேங்க். நல்ல தண்ணீருக்கு ஒன்று; குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் கிரே; கழிவறையிலிருந்து சேரும் பிளாக். ஹூக்கப் உள்ள இடத்தில் புதியவர்கள் பிளாக் வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள், தானே போய்க்கொண்டிருக்கட்டும் என்று. போகாது. தண்ணீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். முக்கால் டேங்க் நிறையும் வரை மூடியே வைத்து, பிறகு ஒரே வேகத்தில் திறந்துவிட வேண்டும்.

கழிவை இறக்கும் இடமான டம்ப் ஸ்டேஷனில் செய்யும் வரிசை: கையுறை போடுங்கள். குழாயின் ஒரு முனையை வண்டியில் முறுக்கி மாட்டி, மறுமுனையைத் தரைக் குழிக்குள் உறுதியாகச் செருகி, நகராதபடி அதன்மேல் ஒரு கல் வையுங்கள். முதலில் பிளாக். தடதடவென்ற சத்தம் குறைந்து நிற்கும் வரை பொறுங்கள். அதை மூடிவிட்டு கிரேயைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இரண்டையும் மூடிய பிறகு கழிவறை வழியாக இரண்டு மூன்று காலன் தண்ணீரும் அதற்கான மருந்தும் பிளாக் டேங்கில் விடுங்கள். வெறும் டேங்காக விட்டால் அடுத்த வேளையே ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் குழாய் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும். குடிக்க அல்ல என்று பலகை போட்டிருப்பார்கள். உங்கள் வெள்ளை நிறக் குடிநீர்க் குழாயை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

நம்மவர்களுக்கென்று ஒன்று. கால் கழுவத் தண்ணீர் ஊற்றும் நம் பழக்கம் பிளாக் டேங்குக்கு நல்லதுதான். காகிதம் குறைகிறது, அடைப்பும் குறைகிறது. ஆனால் நல்ல தண்ணீர் டேங்க் 30, 40 காலன்தான். ஆறு பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் ஒரே நாளில் காலி. உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள். ஈரத் துடைப்பான்கள் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கழிவறைக்குள் போடக் கூடாது. குழந்தை உள்ள வீட்டார் இதை எழுதியே ஒட்டிவிடுங்கள்.

8. சமையலும் மின்சாரமும்

30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் 1,800 வாட் இழுக்கும். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது இண்டக்‌ஷனில் குழம்பை வைத்து, மைக்ரோவேவில் பாலையும் சுடவைத்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்று என்று பழக்கிக்கொள்ளுங்கள். ஹூக்கப் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர்தான் கதி. அதையும் குறித்த நேரத்தில் மட்டுமே ஓட்டலாம். எந்த நேரம் என்பது முகாம் வாசல் பலகையில் இருக்கும். அனுமதி இருக்கிறதென்று நேரம் முழுக்க ஓட்டாதீர்கள். அடுத்த இடத்தில் இருப்பவரும் காட்டின் சத்தத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

பிரஷர் குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள். யெல்லோஸ்டோன் ஏரிக்கரை 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் மசியாது. சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். குக்கரில் வைத்து வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் போதும். கேஸ் அடுப்பில் வைக்கலாம், மின்சாரமும் வேண்டாம். தாளிக்கும் முன் கூரை விசிறியைத் திறந்து போடுங்கள். இல்லாவிட்டால் மிளகாய் கருகுவதற்குள் புகை அலாரம் அலறும். இட்லி மாவை டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஓடுகிற வண்டியின் குலுக்கலில் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழியும்.

கறிவேப்பிலை, சோற்றுப் பருக்கை, எண்ணெய் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. தட்டைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். கழுவின தண்ணீரை வெளியே மண்ணில் கொட்டாதீர்கள். அந்த வாசனைக்குக் கரடி வரும்.

9. கேஸ்

பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் கேஸில் ஓடும் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியே இறக்குங்கள். குளிருகிறதென்று அடுப்பை ஏற்றிவைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

10. விலங்குகளும் வெந்நீர் ஊற்றுகளும்

யெல்லோஸ்டோனில் மனிதர்களை அதிகம் காயப்படுத்தியிருக்கும் விலங்கு கரடி அல்ல, பைசன். மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டு சாதுவாகத்தான் நிற்கும். நீங்கள் ஓடுவதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் அது ஓடும். பைசன், எல்க் போன்றவற்றிலிருந்து 25 கெஜம், கரடி, ஓநாயிலிருந்து 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். படம் எடுக்கப் பிள்ளையை அதன் பக்கம் நிறுத்தும் பெற்றோரை வருஷா வருஷம் பார்க்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

வெந்நீர் ஊற்றுகளில் பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. கெட்டித் தரைபோலத் தெரிவது மெல்லிய ஓடு. அதன் கீழே கொதிக்கும் தண்ணீர். அதில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தரை கொதிக்கிற இடத்தில் குழந்தை வண்டியைவிட இடுப்பில் தூக்கிக்கொள்வது நல்லது.

இறங்கியதும் பார்வையாளர் மையத்துக்குப் போய்ப் பூங்கா ஊழியரான ரேஞ்சரிடம் பேசுங்கள். இன்றைக்கு எந்தச் சாலை மூடியிருக்கிறது, நேற்று கரடி எங்கே தென்பட்டது, ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று அடுத்து எப்போது பீறிடும் என்பதெல்லாம் அவரிடம் கிடைக்கும். உள்ளே போன பிறகு பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், காகித வரைபடத்தையும் வாசலில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அதை முடித்து, ரேஞ்சர் முன் கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லி, பேட்ஜ் குத்திக்கொண்ட பிள்ளை அதற்குப் பிறகு ஒரு காகிதத் துண்டைக்கூடக் கீழே போடாது.

11. பெரியவர்கள் உடன் வந்தால்

ஏழாயிரம், எட்டாயிரம் அடி உயரத்தில் முதல் நாள் மூச்சு வாங்கும். அன்றைக்கு நடை வைக்க வேண்டாம். ஜூலையிலும் இரவில் உறையும் அளவுக்குக் குளிரலாம். கம்பளியும் காதுக்குல்லாயும் வேண்டும். மேல்படுக்கையின் ஏணி பிள்ளைகளுக்கு, பின்கட்டில் பெரியவர்களுக்கு. வண்டியின் படி செங்குத்தானது, அதற்குக் கீழே ஒரு முக்காலி போட்டுவையுங்கள். மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். அவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டை அவர்கள் விமானம் ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள்.

12. கிளம்பும் முன் ஒரு சுற்று

வண்டியைச் சுற்றி ஒருவர் நடந்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் சொல்ல வேண்டும்: மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், நிழல் விரிப்பு, படி, கூரை ஜன்னல், சக்கரக் கட்டை. உள்ளே இன்னொருவர் இழுப்பறை, அலமாரி, ஃபிரிட்ஜ் கதவின் கொக்கி. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1819 என்றால் 2019-ன் 18-வது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயர் போட்ட வண்டியை உங்களிடம் கொடுத்தால், வேறு வண்டி கேளுங்கள்.

13. திருப்பிக் கொடுக்கும் நாள்

எடுக்கும்போதே உள்ளும் புறமும் கூரையும் தெரியும்படி வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்காது. கடைசி இரவு பூங்காவில் தங்காமல், வாடகை நிறுவனத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் ஹூக்கப் உள்ள முகாமில் தங்குங்கள். அங்கே டேங்குகளைக் காலி செய்து, தரையைத் துடைத்து, படுக்கை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டால் காலையில் பெட்ரோல் போடும் வேலை மட்டும்தான் மிச்சம். பலருக்கு அன்று மாலையே விமானம் இருக்கும். சாவியை மதியத்துக்குள் கொடுத்துவிட்டால், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உட்கார்ந்து ஒரு வேளை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.